ஐந்தாம் நிலைக்கு ஒரு வரி

மார்ச் 3, ஞாயிறு
ஆளுக்கொரு பாத்திரமாக ஆட நான் உருவாக்கும் பகடை விளையாட்டின் விதிகளை நான்காம் முறையாகத் திருத்தினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணங்கள் ஐந்து: வலிமை, வேகம், அறிவு, பேச்சு, துணிவு. அவற்றின் கீழ் திறமைகள். இரண்டு பகடைகளில் விழும் எண்ணோடு திறமையின் நிலையைக் கூட்ட வேண்டும். பதினொன்றோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி. ஐந்தாம் நிலைதான் உச்சம். அதைக் கேட்பவர், தன் பாத்திரம் அந்தத் திறமையை எப்படிக் கற்றது என்று அட்டையில் ஒரு வரி எழுதியாக வேண்டும். இந்த விதியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மார்ச் 9, சனி
சோதனை ஆட்டம். நான், படம் வரைந்து தரும் ஓவியர், அக்கா. அக்காவின் கணவரான மச்சானுக்கும் இன்னும் இருவருக்கும் வேலை, வரவில்லை. அக்கா பட்டியலைப் படித்துவிட்டு, "டேய், நான் கேக்குறது இதுல இல்லையே" என்றாள்.
"என்ன வேணும்?"
"காலடிச் சத்தத்தை வச்சே ஆள் எந்த மனநிலைல வர்றான்னு கண்டுபிடிக்கிறது."
"அது நாய்க்குத்தான் இருக்கும்."
"அப்போ நாய்னே எழுதிக்கோ. ஆனா அஞ்சாம் நிலை வேணும்."
எல்லோரும் சிரித்தோம். மூன்று மணி நேர ஆட்டத்தில் உயிரோடு மிஞ்சியது அவள் பாத்திரம் மட்டும்.

மார்ச் 10
புதிய திறமையைச் சேர்த்து, ஆடுகிற ஐந்து பேருக்கும் பிரதி அனுப்பினேன். எடுத்துக்காட்டாக அக்கா அட்டையில் எழுதிய வரியையே போட்டேன்: 'பூட்டில் சாவி திரும்பும் விதத்திலேயே தெரிந்துவிடும், இன்றைக்கு எப்படி என்று. ஏழு வருடப் பழக்கம்.' கீழே அக்காவுக்கு நன்றி. வரி கச்சிதம் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.

மார்ச் 11
ஓவியர் போனில் பேசினார். "தம்பி, உங்க அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"
ஏழு.
அந்த ஐந்து பேரில் மச்சானும் ஒருவர். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்? அக்காவுக்கு நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 12
காலையில் மச்சானின் பதில்: "விதி நல்லாருக்கு மாப்ள. நேர்ல பேசலாம்." இரண்டே வரி.
அக்கா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.
"அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கார். ஒரு வார்த்தை பேசல. அதான்டா பயமா இருக்கு."
"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"
"சொன்னேனே. நாய்க்குத்தான் இருக்கும்னு நீ சொன்ன."
பிறகு அவளே, "ஆறு மணிக்கு வா. வீட்டுக்குப் போகல" என்றாள்.
ஐந்து நாற்பதுக்கே போய் நின்றேன். எதிர்ச்சாரியில் மச்சான், பைக்கில் சாய்ந்தபடி. என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன் — பழக்கதோஷம். கடைக்கார அம்மா அக்காவைப் பின்வாசல் வழியாக, என் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டது எனக்கு ஆறேகாலுக்குத்தான் தெரிந்தது. அதுவரை அங்கேயே நின்றேன்.

மார்ச் 13
அக்காவோடு காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம். மச்சான் மேல் அவள் கொடுத்த புகாரின் நகல் கையில்.

மார்ச் 15
தெருமுனையில் பைக். அவருடையது இல்லை.

மார்ச் 19
கடையில் பணியாளர் விவரங்களைப் புதிதாகக் கேட்டிருக்கிறார்களாம். அக்கா படிவத்தோடு என் வீட்டு மேசை முன் உட்கார்ந்தாள். 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, "நம்பர் சொல்லுடா" என்றாள். பதற்றத்தில் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றிச் சொல்லிவிட்டு, மறுபடி சரியாகச் சொன்னேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.