சோடா பம்ப் பக்கம்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

பாசிர் கூடாங் ரசாயன ஆலையில் என் வேலை ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது. ஆலையின் செய்முறைத் தாள்களைக் கணினியில் வைத்திருக்கும் ஆவணத் தளத்துக்கு மூன்று வயது. கட்டியது நான். மேனேஜர் ராஜசேகரன் இன்று கூப்பிட்டு, "யாரும் பாக்கற மாதிரி தெரியல ஷரோன். பாக்கறவங்ககிட்ட பேசிப் பாருங்க" என்றார். யாரும் பார்ப்பதில்லை என்றால் பார்க்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது? கேட்கவில்லை. ஐந்து பேர் தளத்தில் தேடுவதைப் பார்க்கிறேன், ஆளுக்கு அரை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

6 ஆகஸ்ட்

காலை ஷிஃப்டில் காஸ்டிக் சோடா பம்பின் வடிகட்டியைத் திறந்தபோது சுகுமாறன் கையில் சோடா தெறித்துவிட்டது. பதினெட்டு வருட ஆப்பரேட்டர். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

7 ஆகஸ்ட்

விசாரணைக் குழு என்னிடம் ஒரே கேள்வி கேட்டது: புதிய செய்முறை தளத்தில் இருந்ததா?

இருந்தது. மார்ச்சில் நானே ஏற்றினேன். திறப்பதற்கு முன் இரண்டு முறை தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுகுமாறன் வைத்திருந்தது பழைய தாள். அதில் ஒரு முறைதான். "இருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மைதானே.

13 ஆகஸ்ட்

சுகுமாறனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. வேலை போகலாம் என்கிறார்கள். கடிதத்தின் இரண்டாம் பத்தி முழுக்க என் வாக்கியம். எழுத்துப்பிழைகூட இல்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

ஐந்து பேரில் முதல் ஆள், ஆப்பரேட்டர் ஃபரிட். சோடா பம்ப் வடிகட்டி கழுவும் முறையைத் தளத்தில் தேடி எடுக்கச் சொன்னேன். திரையில் நடப்பது வீடியோவாகப் பதிவாகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், உதவக் கூடாது. அதுதான் விதி.

"சோடா" என்று தட்டினார். கேன்டீன் விலைப்பட்டியல் வந்தது. சோடா கெம்பிரா என்ற குளிர்பானம் மூன்றாவது வரியில் இருந்தது. "பம்ப்" என்று தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு ஆவணங்கள். பதினொரு நிமிடம் தேடிவிட்டு, தன் போனை எடுத்து ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் கிடந்த படத்தைக் காட்டினார். பழைய தாள். "இதுதான் சுலபம் அக்கா" என்று மலாயில் சொன்னார்.

20 ஆகஸ்ட்

ஐந்து பேரும் முடிந்தது. ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தளத்தில் அந்தப் பம்பின் பெயர் காஸ்டிக் டிரான்ஸ்ஃபர் யூனிட். ஆவண எண்ணைப் போட்டால் உடனே வரும். எண் எனக்கு மனப்பாடம்.

இருந்ததுன்னு எழுதுனேனே - எங்க இருந்துச்சு? யாருக்கு இருந்துச்சு?

21 ஆகஸ்ட்

மாசாயில் சுகுமாறன் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. உட்காரச் சொன்னார்.

"தேடுனேன் மிஸ். ரெண்டு தடவ. பேரப் போட்டா கெடைக்கல, இல்லன்னா ஒரு நம்பர் கேக்குது. அந்த நம்பர் தாள்லதான் இருக்கு. நான் தாளத்தானே தேடுறேன்?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அண்ணே."

"கூப்பிட்டேனே. ஜூலையில. தளத்துல இருக்கு, பாருங்கன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்கிறேன்.

22 ஆகஸ்ட்

ஐந்து பேரின் பதிவுகளையும் இணைத்து, என் வாக்குமூலம் முழுமையானதல்ல என்று ராஜசேகரனுக்கு எழுதிக் கொடுத்தேன். ஜூலை மாதப் போன் அழைப்பையும் சேர்த்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சு ஷரோன். இப்ப மாத்தினா உங்க பேருதான் கெடும்."

"தெரியும் சார்."

ஃபரிட்டின் பதினொரு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். நாலாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

29 ஆகஸ்ட்

சுகுமாறனுக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

10 செப்டம்பர்

ஆப்பரேட்டர்கள் எதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு தளத்தில் நூற்று நாற்பது பெயர்களை மாற்றினேன். ஒன்றை மட்டும் எழுத முடியாது. கெட்ட வார்த்தை.

6 அக்டோபர், திங்கள்

சுகுமாறன் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போதைக்கு இலகுவான வேலை. புதிய தளத்தைச் சோதிக்க அவரையே கேட்டேன். இடது கையால் "சோடா பம்ப்" என்று தட்டினார். இருபது விநாடியில் பக்கம் வந்தது. நான் குறித்துக்கொண்டேன். அவர் எழவில்லை. முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நாலாவது வரி தப்பு. வடிகால் வால்வு இடது பக்கம்னு போட்டிருக்கு. போன வருசம் ஆலைய நிறுத்தி ரிப்பேர் பண்ணப்பவே அத வலது பக்கம் மாத்திட்டாங்க."

எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்து இருக்கிறது அதில். ஏற்றியவள் நான்.

"வேற எதுலயும் இப்படி இருக்குமா அண்ணே?"

"நின்னு பாத்தாதான் தெரியும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பம்ப் பக்கம் வாங்க. உங்களுக்கு சேஃப்டி ஷூ என்ன சைஸ்?"

ஆறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். பம்ப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை; ஷூ சைஸ் யாரும் கேட்டதில்லை. ஐந்து என்றேன்.