நாலு சென்டிமீட்டர்

மார்ச் 3
தண்ணீர்த் தொட்டி அருகே உள்ள உயரம் குறித்த பெஞ்ச்மார்க் கல்லில் தொடங்கி, புது வடிகாலுக்காகத் தெரு முழுக்க மட்டம் எடுத்து, அது போய்ச் சேரும் சிறுபாலத்தின் அடித்தளம் வரை போய், மீண்டும் அதே கல்லுக்கு வந்தோம். புறப்பட்ட உயரமே திரும்பவும் வர வேண்டும். நாலு சென்டிமீட்டர் குறைகிறது! கூட்டலில் பிழையில்லை.

அளவுகோல் பிடிக்கும் நெட்டையனோடு காலையிலேயே சண்டை. தாமதமாக வந்தான், ஊரே கேட்கத் திட்டினேன். நாள் முழுக்கப் பேச்சில்லாமல் கையசைவிலேயே வேலை நடந்தது.

மார்ச் 4
அதிகாரியிடம் சொன்னேன். "நாலு சென்டிதானே? எல்லாப் புள்ளிக்கும் பிரிச்சுப் போட்டுடும்மா. திங்கக்கிழமை வடிகாலுக்கு காங்கிரீட் போடணும்." பிரித்துப் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். பிழை எங்கே என்று தெரியாமல் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுவதற்குப் பெயர் திருத்தமாம்.

மார்ச் 5
மறுபடி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அதே நாலு.

மார்ச் 6
வடிகாலுக்குக் காகிதத்தில் கிடைக்கும் சரிவே மூன்று சென்டிமீட்டர். அதில் பொய் எவ்வளவு? மழைத்தண்ணீர் என் கையெழுத்தைப் பார்த்தா ஓடும்? தெருவின் கடைசி வீட்டுக்காரம்மா அளக்கப் போன அன்றைக்கு, "இனிமே வீட்டுக்குள்ள தண்ணி வராதுல்ல?" என்று கேட்டார். வராது என்றேன். வாய்தானே, சொல்லிவிட்டது.

மதியம் நெட்டையனைக் கூப்பிட்டேன். "பாலத்துக்கடியில கோலை நீட்டினியே, பூட்டுச்சா?" நீட்டும் கோல் பூட்டாவிட்டால் மேல்துண்டு கீழே வழுக்கி, அளவு தப்பும்.

"மொத தடவை பூட்டுற சத்தம் கேக்கலக்கா. இறக்கி, திரும்பி வர்றதுக்கு ரெண்டாவது தடவை ஏத்தினப்பதான் பூட்டுச்சு. எப்பவும் நீங்க 'பூட்டியாச்சா'ன்னு கேப்பீங்க. அன்னைக்குக் கேக்கல. நானும் சொல்லல."

இரண்டு முறையும் பூட்டாமல் இருந்திருந்தால் கணக்கு அழகாகப் பொருந்தியிருக்கும். பாலத்தின் உயரம் மட்டும் தப்பாகவே கிடந்திருக்கும். வீம்பு பிடித்தவள் நான். நான்தானே கேட்டிருக்க வேண்டும்? சீ.

மார்ச் 7
அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நானும்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன்" என்றான். மறுபடி அளந்தோம். இம்முறை மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பாலத்துக்கு உண்மையான சரிவு ஒரே சென்டிமீட்டர். வடிகாலைக் குளத்துப் பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் போகும்.

அதிகாரி கத்தினார்: "கையெழுத்துப் போட்டப்புறம் வந்து சொல்றியே!" பிரிக்கச் சொன்னது நீங்கள்தானே என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். போட்ட கை என்னுடையது. காங்கிரீட்டை நிறுத்தினார். என்னையும் வெளிவேலையிலிருந்து நிறுத்தினார்.

ஜூலை 19
மூன்று நாளாக அடைமழை. இன்னும் மேஜை வேலைதான்.

நெட்டையன் போன் செய்தான். குளத்துப் பக்கம் திருப்பிக் கட்டிய வடிகாலைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறான். "அக்கா, கடைசி வீட்டம்மா தண்ணி வரும்னு கட்டிலுக்கு முட்டுக் குடுத்திருந்த செங்கலையெல்லாம் எடுத்து வெளிய அடுக்கிட்டாங்க."

அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.