உன் விரலுக்கு இல்லாமல்போன ஸ்ட்ரிப்

இன்று காலை இண்டூரில் முதல் வீட்டு வாசலில் உட்கார்ந்து பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன். வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீ போனபின் வந்திருக்கும் முதல் சுகாதார சர்வே இது. உன் இடத்தில் அரூர்ப் பெண் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நல்ல பெண்தான். உன் இடத்தில் வருகிறாள் என்பதற்காகவே அவள்மேல் கோபமாக வருகிறது.

போன சுற்றில் பென்னாகரம் பக்கம் நாம் ஏறி இறங்காத மேடு இல்லை. கூரையா ஓடா, கக்கூஸ் உண்டா, ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு என்ன காரணம் என்று நான் கேட்டு எழுதுவேன். நீ விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, உடம்பில் எவ்வளவு ரத்தம் என்று மெஷின் காட்டும் எண்ணைச் சொல்வாய். குத்துமுன், "அந்தாண்ட பாரும்மா, மயிலு போவுது" என்பாய். எந்த ஊரிலும் மயில் போனதில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். தார்ரோட்டோரம் மாடி வைத்த மெத்தை வீடுகளில் அந்தச் சீட்டுக்கட்டு கரையவே கரையாது. உள்ளே போகப் போகச் சீக்கிரம் தீரும். ஒருநாள் நீ சொன்னாய்: "மெஷினே வேணாம் புள்ள. வூட்டுக் கூரையப் பாத்தே எண்ணச் சொல்லிருவேன்." எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதை நீ வரப்பில் நடந்துகொண்டே சொல்லிவிட்டாய் என்று நான் சிரித்தேன்.

உன் வீட்டுக் கூரை எனக்குத் தெரியாதா? மழை ஒழுகும் சிமெண்ட் சீட். அதன்கீழ் உட்கார்ந்து நீ கிண்டிய களியைத் தின்றிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சோடு உன்னைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மேடேறும்போது நீ மூச்சு வாங்கி நின்றால், "வா கெழவி" என்று கேலிதான் பேசினேன்.

கடைசி நாள், பஸ்ஸுக்காக நின்றபோது விரலை நீட்டினாய். "எனக்கும் ஒண்ணு குத்திப் பாரேன். தல சுத்திக்கிட்டே கெடக்குது."

"ஸ்ட்ரிப்புக்குக் கணக்கு ஒப்படைக்கணும் புள்ள. ஒண்ணு கொறஞ்சாலும் சூப்பர்வைசர் குதிப்பாரு. ஆஸ்பத்திரியில போயி பாத்துக்க."

"சரி, வுடு" என்று விரலை மடக்கிக்கொண்டாய்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் ஒருநாள் வேலை கெடும். நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான்கு மாதம் கழித்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் எண்ணைச் சொன்னார். நாம் சீட்டு எழுதும் எண்ணைவிடக் குறைவு. "இவ்ளோ கொறையிற வரைக்கும் யாருமே பாக்கலீங்களா?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்தார். மறுநாள் நீ இல்லை.

மீந்த ஸ்ட்ரிப் டப்பாக்கள் தேதி முடிந்து குப்பைக்குப் போனதை ஆபீசில் பார்த்தேன். பிறகு அந்தச் சர்வேயின் அறிக்கை வந்தது. நம் மாவட்டத்தில் ரத்தம் குறைந்த பெண்களுக்கு அதில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணில் நீ இல்லை. சர்வேக்கு எடுத்த தெருக்களின் பட்டியலில் உன் தெரு வரவில்லை. கணக்கெடுக்கப் போகிறவளை யாரும் கணக்கில் எழுதிக்கொள்வதும் இல்லை.

இன்று சாயங்காலம் அரூர்ப் பெண் களைத்துப்போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் போய் அவள் விரலைப் பிடித்தேன்.

"எனக்கு எதுக்குங்கக்கா?"

"அந்தாண்ட பாரு, மயிலு போவுது."

திரும்பிப் பார்த்தாள். எண் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. ஏன் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பையில் இருந்த ஸ்ட்ரிப் கணக்குப் படிவத்தை எடுத்து, 'வீணானவை' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். அதை வாங்கிக்கொண்ட சூப்பர்வைசர் ஏன் என்று கேட்கவில்லை. போன சுற்றுப் படிவத்திலும் அந்தக் கட்டம் இருந்தது.