காட்டிக்கொடுத்த கோதுமை

கோன்யா, மார்ச் 9

என் ஆட்டுக்குட்டி பெரிஹானுக்கு,

முதலில் உன் இரண்டு கண்களிலும் முத்தம். நீ நலம் என்றால் நாங்களும் நலம். இந்த முறை இதைப் பொய் கலக்காமல் எழுத ஆசைப்படுகிறேன், போனில் என்றால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பா அனுப்பிய கோதுமை வயல் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்டோபர் ஆரம்பத்துல விதைச்சதா சொன்னீங்களே, அப்படின்னா இந்நேரம் அடியிலேருந்து பக்கத்தண்டா மூணு நாலு தூர் வெடிச்சிருக்கணுமே, ஒத்தைத் தண்டா நிக்குதே, நிஜமா எப்பப்பா விதைச்சீங்க?" என்று கேட்டாய். அவர் பேச்சை மாற்றி மழுப்பினார். அன்றிலிருந்து பதினைந்து நாளாக நீ அவரோடு பேசவில்லை. தேநீரை ஆறவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு சதியே மட்டும், "ஜெர்மனில உக்காந்துக்கிட்டு பயிரையே சாட்சி சொல்ல வச்சுட்டாளே உன் பொண்ணு, இனி இந்த ஊர்ல எவ பொய் சொல்றது?" என்று சிரிக்கிறாள்.

மறைக்கச் சொன்னது நான்தான், கோபத்தை என்மேல் வை. செப்டம்பர் கடைசியில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள், புண் ஆறவில்லை, சோதனை முடிவும் வரவில்லை, நவம்பர் வரை அப்படியே போயிற்று. அப்போது உனக்குப் பரீட்சை, அதனால்தான் சொல்லவேண்டாம் என்றேன். அக்டோபரில் மண்ணில் நல்ல ஈரம் இருந்த வாரத்தில் பக்கத்து வயல் ஹுலூசி வந்து, "நீ இங்கேயே இரு அண்ணே, நான் விதைச்சுட்டு வரேன்" என்று எவ்வளவோ சொன்னார். உன் அப்பா என் கட்டிலை விட்டு நகரவில்லை. "நிலம் எங்க ஓடிப்போகுது, இவளக் கூட்டிட்டுப் போய்தான் விதைப்பேன்" என்றார். கெட்ட கட்டி இல்லை என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், நவம்பர் பன்னிரண்டு, விதைத்தோம். நான் டிராக்டர் பக்கத்தில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தேன். விதையை அதிகமாகவே போட்டார், ஏனென்று கேட்டதற்கு, "லேட்டா விதைச்சா தூர் குறையும், விதையைக் கூட்டிப் போடணும்னு பெரிஹான் சொல்லியிருக்கா" என்றார். உன்னிடம் பொய் சொன்ன மனிதர் உன் பேச்சைத்தான் கேட்டார், பார்த்துக்கொள். பனி விழுந்தபோது பயிர் மூன்று இலையோடு நூல்போல நின்றது, தாங்குமா என்று தினமும் போய்க் குனிந்து பார்த்தார்.

என் கையை இப்போது தலைக்கு மேல் தூக்க முடிகிறது, நானே மாவு பிசைகிறேன். பரீட்சையை விட்டு ஓடி வராதே, மே மாதம் கதிர் வரும்போது வா. காலையில் வெறும் வயிற்றோடு கல்லூரிக்குப் போகாதே, கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காதே.

இந்தக் கடிதத்தோடு சோதனை முடிவின் நகலை வைத்திருக்கிறேன். காகிதத்தை நம்பமாட்டாய் என்று, நேற்று நானே பிடுங்கிய ஒரு செடியையும் மடித்து வைத்திருக்கிறேன். அடித்தண்டை நகத்தால் மெல்ல விலக்கிப் பார். எத்தனை தூர் என்று நான் எழுதமாட்டேன், அப்பாவிடமும் சொல்லவில்லை. நீ எண்ணி, அவரைக் கூப்பிட்டுச் சொல்.

அல்லாஹ்வின் காவலில் உன்னை விட்டு,
உன் அம்மா
நஸ்மியே