வெயில் மேல் விழுந்த பழி

மே 14, 2006. ஞாயிறு.

இந்த அரபு நாட்டில் இந்த வாரம் முழுக்க நாற்பத்தைந்து டிகிரி என்று பேப்பரில் பார்த்ததும் வாப்பா குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதிக்கும். வீட்டுக்குள் அணைத்த ஹீட்டரில் கிடந்து ஆறியதுதான் கோடையில் எங்களுக்குப் பச்சைத்தண்ணீர்.

காக்காவை, அதாவது என் அண்ணனை, துள்ள வைக்கலாமென்று சாயங்காலம் ஹீட்டரைத் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டேன். வாப்பா வேலை செய்யும் கராஜிலிருந்து சீக்கிரம் வந்து முதலில் புகுந்துவிட்டார். குளிக்கப் போனவர் குதித்து வந்தார். தோளெல்லாம் சிவப்பு.

உம்மா எண்ணெய் தடவும்போது வாப்பா சொன்னார்: "மே மாசமே அணைச்ச ஹீட்டர் தண்ணி இப்படிச் சுட்டா ஜூலையில என்ன ஆகும்? லீவு விட்டதும் மூணு பேரும் ஊருக்குப் போயிருங்க. ரெண்டு மாசம் நான் கராஜ் ரூம்ல இருந்துக்கிறேன்."

ரெண்டு மாதம் தனியாகவா? எனக்குத் தாங்கவில்லை.

"வாப்பா, அது வெயில் இல்ல. நான்தான் ஹீட்டரைப் போட்டேன்."

அடிக்குக் கண்ணை மூடினேன். விழவில்லை.

"தண்ணி சுட்டது உன் வேலை, சரி. வெளிய அடிக்கிறதும் உன் வேலையாடா? ஏசியே திணறுது. போறீங்க, கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

உம்மா அப்போதே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார். வாப்பா குப்புறப் படுத்திருக்கிறார். புரளும்போதெல்லாம் முனகல் கேட்கிறது.