மைதானத்தின் வரலாறு எழுதச் சொன்னார்கள்

மார்ச் 3

எங்கள் கோல்ஃப் மைதானத்துக்கு ஐம்பது வயது. ஒன்பதே குழிதான், ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். செயலாளரான அண்ணன், விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டான். "புல் வெட்டுற உனக்குத்தாண்டா ஒவ்வொரு அடியும் தெரியும்." ஐஸ் வைக்கிறான்.

மார்ச் 9

அப்பா முதல் பந்தை அடித்த இரும்பு மட்டை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பாறையில் பட்டுத் தண்டு வளைந்ததாம். புதிதாகச் சேருகிறவர்கள் பெட்டியைத் திறந்து அதைத் தொட்டுவிட்டுத்தான் ஆட இறங்குவார்கள். விழாவுக்கு அதற்கொரு தாங்கி செய்ய எதிர்ப் பட்டறை வெல்டரை வரச் சொன்னேன்.

மார்ச் 10

வெல்டர் மட்டையைத் தொடவே இல்லை. "ஏழாவது குழி இருக்கிற இடத்துலதான் எங்க வீடு இருந்துச்சு. காலி பண்ண மாட்டேன்னு எங்கப்பா நின்னாரு. உங்கப்பா இதாலதான் அவரு முழங்காலை உடைச்சாரு. அப்புறம் வீட்டைக் கொளுத்துனாங்க."

பொய்யா? அம்மாவிடம் கேட்டேன். "செத்தவரை எதுக்குடா இழுக்கிற?" என்றாள். இல்லை என்று சொல்லவில்லையே. நானும் தொட்டேனே — பத்து வயசுல, அப்பா தூக்கிக் காட்ட.

மார்ச் 14

எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளது உள்ளபடி.

மார்ச் 16

இடது கை எழுத்து. கோணல்மாணல்.

நேற்று அண்ணன் தாள்களைப் படித்தான், கிழித்தான். "அப்பா பேரை நாறடிக்கத்தான் உன்னை வளர்த்தாரா?" சட்டையைப் பிடித்து வாயில் ஒன்று விட்டேன். பல் ஆடி ரத்தம் வந்தது அவனுக்கு. கண்ணாடியை உடைத்து மட்டையை உருவினான். முதல் அடியை வலது கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்து கிடந்தவனை அதுக்கப்புறமும் அடிச்சான். விலாவுல, முதுகுல. கூடப் பிறந்தவன்டா நான்.

வெல்டர்தான் ஓடிவந்து தூக்கிப் போனார். மருத்துவமனையில் போலீஸ்காரரிடம், புல் வெட்டும் இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது என்றேன். எழுதிக்கொண்டு போனார். வெல்டர் சொன்னார்: "எங்கப்பாவும் மரத்துலேருந்து விழுந்துட்டேன்னுதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு."

மார்ச் 17

போலீஸ்காரரைத் திரும்ப வரச் சொன்னேன்.

மார்ச் 20

காலையில் அண்ணனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மதியம் அம்மா தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கையால் பிசையப் பார்த்தேன், வரவில்லை. தட்டை வாங்கி அவளே ஊட்டினாள். கடைசி வாய் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.