அப்பாவின் தட்டும் புழுத் தொட்டியும்

என் செல்லப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே வீட்டுக்குள் மனிதர்கள் இரண்டு பேரும், கொட்டகைக்குள் எண்ணி மாளாத மண்புழுக்களும் சுகம். நீயும் அங்கே நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் எங்கேடி பேசவிடுகிறார் உன் அப்பா, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்துகொள்கிறார், நான் அவரைப் பற்றி அவர் காதுபடவே என்னத்தைச் சொல்ல. அதனால் அவர் மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம், படித்துவிட்டு நன்றாக மூச்சு விட்டுக்கொள். அப்பாவுக்கு உள்ளே எந்த வியாதியும் இல்லை. இருதய ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து வேளாவேளைக்குத் தட்டு காலியாகிறது, ஆனால் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறதே, டாக்டர் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்கிறாரே என்று நீ அங்கே அழுதாய், நான் இங்கே பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். காரணம் தெரிந்துவிட்டது, அதுவும் நம் புழுத் தொட்டியிலேயே கிடைத்தது.

என்னடி இது, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்காதே, ஒழுங்காகச் சொல்கிறேன் கேள். நீ கடைசியாக வந்துபோன பிறகு கொட்டகையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். நீல டிரம்களில் தோட்டத்து உரத்துக்கான உரப் புழு, உன்னைச் சின்ன வயதில் குளிப்பாட்டிய அந்தப் பழைய தொட்டியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு விற்கிற தூண்டில் புழு. உரப் புழுவைப் பற்றிக் கவலையே இல்லை, காய்கறித் தோல், காபித்தூள் சக்கை, கிழித்து நனைத்த அட்டைப்பெட்டி என்று எதைப் போட்டாலும் குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் போகும். தூண்டில் புழுதான் புது மாப்பிள்ளை மாதிரி, பார்த்துப் பார்த்துக் கவனிக்க வேண்டும். கோழித் தீவனத்தை மாவாக அரைத்து, காயவைத்த முட்டை ஓட்டைப் பொடித்துக் கொஞ்சம் கலந்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி மேலாக மெல்லிசாகத் தூவி, ஈரச் சாக்கை மூடிவிடுவேன். மறுநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்து, போட்டது தீர்ந்திருந்தால்தான் அடுத்த சாப்பாடு, மிச்சம் இருந்தால் அன்றைக்குப் பட்டினி. ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் உள்ளே சூடேறிப் புளித்துப்போகும், புழு தாங்காது. பிறகு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது, எலுமிச்சைத் தோல் வாடையே ஆகாது. டாக்டர் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்ததையும், நீ பெரிய எழுத்தில் அடித்து அனுப்பி ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொன்னதையும் பார்த்தபோது, கிட்டத்தட்ட என் புழுக்களுக்கு வைத்திருக்கிற சட்டம்தானே இது என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரித்ததோடு விட்டுவிட்டேன், கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போன மாதம் தூண்டில் புழு வளர்ந்தது பார், அடேயப்பா! ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன், எடுத்தால் கையில் துள்ளுகிறது. நம்மிடம் புழு வாங்குகிற தூண்டில் கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். அப்படி என்னதான் போடறீங்கக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கெஞ்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் முட்டை ஓடு செய்கிற வேலை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அதெல்லாம் தொழில் ரகசியம் தம்பி என்று மூக்கை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டேன். ஏரியில் நடக்கப்போகிற மீன்பிடிப் போட்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேண்டும் என்று அவர் சொல்ல, அதற்கும் தலையை ஆட்டியாயிற்று. உன்னிடமும் போனில் பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் புழு பருத்துக்கொண்டே போகிறது, இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரர் இளைத்துக்கொண்டே போகிறார். இரண்டையும் தினம் பார்க்கிறவள் நான், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை பார்.

போன வாரம் ஒருநாள் காலையில் கொட்டகைக்குப் போனால், தூண்டில் புழுக்கள் எல்லாம் தொட்டியை விட்டு வெளியே, சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. சாக்கைத் தூக்கினால் குப்பென்று புளித்த வாடை, கையை விட்டால் அடுப்பங்கரை மாதிரி சூடு. முள் கரண்டியால் ஒரு மூலையைக் கிளறிப் பார்த்தேன். உள்ளே புதைத்திருந்தது என்ன தெரியுமா? ஓட்ஸ் கஞ்சி, அவித்த பீன்ஸ், அவித்த கேரட், முந்தின நாள் ராத்திரி நான் என் கையால் அப்பா தட்டில் வைத்தது. உப்பும் எண்ணெயும் இல்லாத சாப்பாடு, என் புழுக்களுக்கென்றே சமைத்த மாதிரி. ஆரம்பத்தில் அரைத் தட்டு போயிருக்கிறது, அதுகளும் தின்று கொழுத்திருக்கின்றன. பிறகு முழுத் தட்டும் வந்து விழவே, தாங்கமுடியாமல் சுவர் ஏறிவிட்டன. என் முட்டை ஓட்டுப் பெருமை அந்த நிமிஷமே போயிற்று. ஆனால் அதைவிட, அப்படியானால் இந்த மனிதர் இத்தனை நாளாக எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்புதான் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

உடனே கேட்டுவிடவில்லை. கேட்டால், எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பார், உன் அப்பாவைப் பற்றித் தெரியாதா. அன்று ராத்திரி தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போலக் குளிக்கப் போவதாகச் சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன், குழாயைத் திறந்துவிட்டேன், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தேன். இந்த வயதில் எனக்கு வாய்த்த துப்பறியும் உத்தியோகம்! கொஞ்ச நேரத்தில் ஐயா தட்டோடு வந்தார். சாக்கைத் தூக்கினார், முள் கரண்டியால் பள்ளம் பறித்தார், ஸ்பூனால் வழித்துப் போட்டார். போட்டுக்கொண்டே புழுக்களிடம் பேச்சு வேறு. சாப்பிடுங்கடா கண்ணுங்களா, உப்பில்லைன்னு மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது, எல்லாம் உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம் என்று, அச்சு அசல் உன் குரலிலும் என் குரலிலும். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன். அப்புறம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பக்கத்தில் இருந்த பெட்டிமேல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். ஆணியில் மாட்டின சட்டை மாதிரி உடம்பில் சட்டை தொங்குகிறது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த நேரம் உன் வீடியோ போன் அடித்தது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துப் பார்த்து அத்தனை பேரையும் மேலே ஏற்றி இறக்கின மனிதர், நாலு படி ஏறவே மெதுவாகப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர் அவசர அவசரமாகத் தட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். தினமும் போல, தட்டைக் காட்டுங்கப்பா என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. காட்டினார். நீ கை தட்டினாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி அவர் சிரித்தார்.

இன்றைக்கு இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். வந்து பார்த்தால், நீ போனை வைத்த பிறகும் அணைந்துபோன போன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் உட்கார்ந்து, புழு எல்லாம் சுவர் ஏறுது, ஏன் இப்படிப் பண்ணினீங்க என்று மட்டும் கேட்டேன். மறுக்கவில்லை. வாய்க்குள்ள போகுது, தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது, சுவரைப் பார்த்துக்கிட்டு ஒத்தையா உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மென்னுக்கிட்டே இருக்கறது என்றார். அவர் எதிரில் வறுத்த மீன் சாப்பிட்டால் பாவம் மனது ஏங்குமே என்று நான் அவர் தூங்கின பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கு நல்லது செய்வதாக நினைப்பு எனக்கு. சரி, மகளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர், நாளெல்லாம் ஆபீஸ்ல யார் யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே இருக்கா, என் தட்டைப் பார்த்துத்தான் ஒரு தடவை சிரிக்கறா, அதையும் நான் எப்படி நிறுத்தறது சொல்லு என்றார்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே சமையல். அவருக்கு என்னவோ அதுதான் எனக்கும், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். முதல் வாய் வைத்தேன், ஐயோ! இத்தனை நாளாக அந்த மனிதருக்கு நான் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் டிரம்மில் இருக்கிற ஈர அட்டைப்பெட்டிகூட இதைவிட ருசியாக இருக்கும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார் பார், தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதுடி, சிரிக்க வைக்காதே என்று சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இப்போது பூண்டு, மிளகு, பச்சை இலை, எலுமிச்சை எல்லாம் சேர்த்துச் சமைக்கிறேன். எலுமிச்சை பிழிந்த சாப்பாட்டை இனிமேல் கொண்டுபோய்ப் புழுவுக்குப் போடவும் முடியாது, அந்த வழியும் அடைபட்டது. இந்த வாரம் எடை பார்த்தோம், ஏறியிருக்கிறது. நடந்ததைச் சொன்னதும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த தடவையும் ஏறியிருந்தால் குழாய் விடுகிற வேலையே வேண்டாம் என்றார். ஏறும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டியையும் புதிதாக மண்ணும் ஈர அட்டையும் போட்டுச் சரிசெய்துவிட்டேன், கொஞ்சம் போனது போக மிச்சம் பிழைத்துக்கொண்டன. தூண்டில் கடைக்காரரிடம் இரண்டு மடங்கெல்லாம் ஆகாது, பழைய அளவுதான் என்று சொன்னேன். என்னக்கா ஆச்சு என்றார். சமையல்காரர் வேலையை விட்டுட்டார் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அதை மீறித்தான் எழுதுகிறேன், நேற்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்திவிட்டு, நம்ம ராத்திரிச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு மத்தியான இடைவேளை, ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்துதான் பேசறா, பின்னாடி கைப்பிடிக் கம்பி தெரியுது, இத்தனை நாள்ல அவ கையில ஒரு டப்பாவை நான் பார்க்கலையே, இவ எப்போ சாப்பிடறா என்று கேட்டார். பெற்றவள் எனக்குத் தோன்றவில்லை. உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, புதுச் சட்டையின் வெட்டு அப்படி என்று நினைத்தேனடி. உன் சாப்பாட்டு நேரத்தை முழுக்க எங்கள் தட்டைப் பார்ப்பதற்கே கொடுத்துவிட்டாயா? நீ திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, இனிமேல் அப்பா போனில் தட்டைக் காட்டமாட்டார். நீ கூப்பிடும்போது நாங்கள் இரண்டு பேரும் தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துக்கொண்டு, கை வைக்காமல் காத்திருப்போம். நீயும் உன் டப்பாவைத் திற, நீ முதல் வாய் வைத்த பிறகுதான் அவர் வைப்பாராம், சொல்லிவிட்டார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது எல்லாம் கைகூட வேண்டும், எங்கள் ஆயுளும் உனக்கே சேரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நாளைக்குக் கூப்பிடும்போது டப்பாவை மறந்துவிடாதே, அப்பா பசியோடு இருப்பார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா